அனிமேஷன் படிக்க ஆசையா? கல்லூரியில் பெயரைப் பதியும் முன் பார்க்க வேண்டியவை

மலேசியாவில் இடைநிலைப் பள்ளியை முடிக்கும் எஸ்பிஎம் தேர்வின் முடிவு வந்த கையோடு பல வீடுகளில் இந்தப் பேச்சு ஓடும். "பிள்ளை நல்லா வரையுறான், எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாலதான் உட்கார்ந்திருக்கான், அனிமேஷன்ல சேர்த்துவிடலாமா?" சேர்க்கலாம், தப்பில்லை. ஆனால் எந்தக் கல்லூரி என்று தேடுவதற்கு முன்னால் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை யோசிக்காமல் கல்விக் கண்காட்சிக்குப் போனால், யார் முதலில் அன்பாகப் பேசி நாற்காலியில் உட்கார வைக்கிறாரோ அவருடைய கல்லூரியில்தான் பிள்ளை சேருவான்.

கோலாலம்பூர், சிலாங்கூர், பினாங்கு வட்டாரத்தில் படிக்க நினைப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மாணவருக்கும் சேர்த்துத்தான், கட்டணம் கட்டப்போகும் அம்மா அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

"இது சோறு போடுமா?"

அப்பா கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

மலேசிய அனிமேஷனின் தொடக்கத்திலேயே நம் ஆள் ஒருவர் இருக்கிறார். அரசாங்கத் திரைப்பட நிறுவனமான ஃபிலெம் நெகாராவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர் உருவாக்கிய சாங் கன்சில் கதைப்படம் 1983இல் ஒளிபரப்பானது. நாட்டின் முதல் அனிமேஷன் குறும்படமாக அதைத்தான் சொல்வார்கள். அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. 2005இல் தொடங்கிய லெஸ் கோபாக் நிறுவனம் 2007இல் 'உப்பின் இப்பின்' தொடரைக் கொண்டு வந்தது. 2009இல் உருவான அனிமோன்ஸ்தா 2011இல் 'போபோய்போய்' தொடரைத் தந்தது. 2016இல் வாவ் அனிமேஷனின் 'எஜென் அலி' வந்தது. இந்தத் தொடர்களில் வரும் ராஜுவையும் அங்கிள் முத்துவையும் கோபாலையும் திரையில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் இப்போது கல்லூரி தேடுகிறார்கள்.

நம் கண்ணில் படாத வேலைகளும் நிறைய. வெளிநாட்டு வீடியோ விளையாட்டுகளுக்கும் தொடர்களுக்கும் உருவங்கள், காட்சிகள் செய்து கொடுக்கும் ஸ்டூடியோக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. 'ஸ்டார்கிராஃப்ட்', 'கமாண்ட் அண்ட் காங்கர்' போன்ற பழைய விளையாட்டுகளைப் புதுப்பித்து வெளியிட்டபோது அதன் ஓவிய வேலையில் இங்குள்ள லெமன் ஸ்கை ஸ்டூடியோவுக்குப் பங்குண்டு.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சைபர்ஜெயாவில் கிளை வைத்திருந்த அமெரிக்க நிறுவனமான ரிதம் அண்ட் ஹியூஸ், 'லைஃப் ஆஃப் பை' படத்தின் காட்சி விளைவுகளுக்காக 2013 பிப்ரவரியில் ஆஸ்கார் வாங்கியது. அதே மாதத்தில்தான் திவால் மனுவும் போட்டிருந்தது. வேலை உண்டு, திறமைக்கு மதிப்பும் உண்டு. ஆனால் ஒரே இடத்தில் முப்பது வருடம் உட்கார்ந்து ஓய்வூதியம் வாங்குகிற உத்தியோகம் வேண்டுமென்றால் இது அந்தத் துறை இல்லை. ஒப்பந்தம், புராஜெக்ட், ஸ்டூடியோ மாற்றம் என்றுதான் பலருடைய வாழ்க்கை போகிறது. இதை வீட்டில் இப்போதே பேசிவிடுவது நல்லது.

படி 1: எந்த வேலை என்று முதலில் யோசியுங்கள்

அனிமேஷன் என்கிற பெயருக்குள் ஒரு டஜன் வேலைகள் ஒளிந்திருக்கின்றன. கல்லூரி விளம்பரத் தாளில் இது சரியாகத் தெரியாது.

ஒரு 3டி தொடர் உருவாகிற வரிசையைப் பாருங்கள். கதை எழுதியானதும் ஸ்டோரிபோர்டு வரைவார்கள். அதாவது காட்சிக்குக் காட்சி சின்னச் சின்ன ஓவியங்களாகக் கதையைப் போட்டுப் பார்ப்பது. அவற்றைக் குரலோடு சேர்த்து ஓட்டிப் பார்க்கும் கட்டம் அனிமாட்டிக். கான்செப்ட் ஓவியர் கதாபாத்திரங்களும் இடங்களும் எப்படி இருக்க வேண்டும் என்று வரைகிறார். மாடலர் அவற்றைக் கணினியில் உருவமாகச் செதுக்குகிறார். டெக்ஸ்சர் போடுபவர் தோல், துணி, துரு என்று மேற்பரப்பைக் கொடுக்கிறார். ரிக்கர் அந்த உருவத்துக்குள் எலும்பும் மூட்டும் வைக்கிறார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் அனிமேட்டர் வந்து அதை நடக்க வைக்கிறார், அழ வைக்கிறார். அப்புறம் விளக்கமைப்பு, கணினி இறுதிப் படங்களை உருவாக்கும் ரெண்டரிங், கடைசியில் எல்லா அடுக்குகளையும் ஒன்றாகச் சேர்க்கும் கம்போசிட்டிங்.

இதில் ரிக்கிங் பிடித்தவருக்குக் கணக்கும் கொஞ்சம் பைதான் நிரல் எழுதவும் வந்தால் போதும், ஓவியம் சுமாராக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஸ்டோரிபோர்டுக்கு வர நினைப்பவர் மென்பொருளைவிடச் சினிமாவை அதிகம் பார்த்திருக்க வேண்டும். அனிமேட்டருக்கு வேண்டியது உடல் எப்படி அசைகிறது என்கிற கவனமும், பொறுமையும், இன்னும் கொஞ்சம் பொறுமையும். திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள், அதாவது ஃபிரேம்கள், ஓடுகின்றன. 2டியில் ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு வைத்தாலும் வினாடிக்கு 12 ஓவியம். நாள் முழுக்க உழைத்தால் சில வினாடிகள்தான் கையில் மிஞ்சும். அனிமேஷன் பார்ப்பது பிடிக்கும் என்பதும் அனிமேஷன் செய்வது பிடிக்கும் என்பதும் வேறு வேறு விஷயம்.

இதைச் சோதித்துப் பார்க்கக் காசு செலவழிக்க வேண்டாம். பிளெண்டர் என்கிற மென்பொருள் இலவசம். இலவசம் என்பதால் தரம் குறைவு என்று நினைக்காதீர்கள். 2025இல் ஆஸ்கார் வாங்கிய 'ஃப்ளோ' என்கிற லாட்விய நாட்டுப் படம் அதில்தான் செய்யப்பட்டது. 2டி என்றால் கிரிட்டாவும் இலவசம்தான். எஸ்பிஎம் தேர்வுக்கும் முடிவுக்கும் இடையில் கிடைக்கும் மாதங்களில் யூடியூப் பாடங்களை வைத்துக்கொண்டு மூன்று வேலை செய்யுங்கள். ஒரு பந்து தரையில் விழுந்து எழும்பி அடங்க வேண்டும். ஒரு மாவு மூட்டை குதிக்க வேண்டும். ஓர் ஆள் நடக்க வேண்டும். முதல் பந்து கண்டிப்பாகப் பந்து மாதிரி இருக்காது. அதைத் திருத்தித் திருத்திச் சரிசெய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை என்றால், சரி, இந்தத் துறைக்குள் வரலாம். இரண்டாவது நாளே கசந்துவிட்டதா? நாற்பதாயிரம் வெள்ளி மிச்சம் என்று சந்தோஷப்படுங்கள். வரைகலை வடிவமைப்பு, வீடியோ தொகுப்பு, விளையாட்டு நிரலாக்கம் என்று பக்கத்திலேயே வேறு கதவுகள் இருக்கின்றன.

"இப்பதான் ஏஐ வந்திருச்சே, எல்லாத்தையும் அதுவே செஞ்சிடாதா?" என்று மாமாவோ சித்தப்பாவோ கட்டாயம் கேட்பார். சில அடிமட்ட வேலைகள் குறையும், அதில் சந்தேகமில்லை. கதையைக் காட்சியாக யோசிக்கத் தெரிந்தவருக்கும், இந்த அசைவு ஏன் தப்பாகத் தெரிகிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கும் வேலை இருக்கும் என்பது என் கணிப்பு. ஒரு மென்பொருளின் பொத்தான்களை மட்டும் சொல்லிக்கொடுக்கும் படிப்புக்கு மூன்று வருடம் கொடுக்க வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

படி 2: பாடப் பட்டியலை வாங்கி வரி வரியாகப் படியுங்கள்

ஒரே பெயரில் இருக்கும் இரண்டு படிப்புகளுக்குள் சம்பந்தமே இருக்காது. நான் பார்த்தவரை இங்குள்ள படிப்புகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை ஓவியத்திலிருந்து தொடங்குவது. முதல் வருடம் முழுக்க வரைதல், வண்ணக் கோட்பாடு, உருவ ஓவியம், அப்புறம்தான் கணினி. பண்டார் சன்வேயில் 1991இல் தொடங்கிய தி ஒன் அகாடமி இந்த வழிக்குப் பெயர்போனது. அதற்குப் பினாங்கிலும் வளாகம் உண்டு. பினாங்கின் ஈக்குவேட்டர் கல்லூரியும் ஓவியக் கல்லூரி மரபில் வந்ததுதான். கோலாலம்பூரில் இருக்கும் அஸ்வாரா அரசாங்கக் கலைக்கழகம். அங்கே அனிமேஷனுக்கும் மல்டிமீடியாவுக்கும் தனிப் புலமே இருக்கிறது. நாடகம், நடனம், இசை, திரைப்படம் படிக்கிறவர்களோடு ஒரே வளாகத்தில் இருப்பது அனிமேட்டருக்கு எவ்வளவு லாபம் என்று பலர் யோசிப்பதில்லை. நம் பிள்ளைகள் அதிகம் விண்ணப்பிக்காத இடம் அது.

இரண்டாவது வகை தொழில்நுட்பப் பக்கம் சாய்ந்தது. கோலாலம்பூரிலுள்ள யுனிகேஎல் எம்ஐஐடியின் கணினி அனிமேஷன் படிப்பு மல்டிமீடியா தொழில்நுட்பப் பட்டமாக வருகிறது. புக்கிட் ஜாலில் பக்கமுள்ள ஏபியு தகவல் தொழில்நுட்பத்தில் வளர்ந்த பல்கலைக்கழகம், அங்கும் அனிமேஷன் பட்டம் இருக்கிறது. சைபர்ஜெயாவின் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் படைப்பு மல்டிமீடியா புலம் இந்த நாட்டில் இத்துறையில் பழையவற்றில் ஒன்று, ஸ்டூடியோக்களுக்கு அருகில் இருப்பதும் ஒரு வசதி.

மூன்றாவது வகையில்தான் கவனம் வேண்டும். மல்டிமீடியா, டிஜிட்டல் மீடியா, கிரியேட்டிவ் மீடியா என்று பல பெயர்களில் வரும் கலவைப் படிப்புகள். இணையத்தள வடிவமைப்பு கொஞ்சம், புகைப்படம் கொஞ்சம், விளம்பரம் கொஞ்சம், அனிமேஷன் இரண்டே பாடம். எதுவென்று இன்னும் முடிவு செய்யாதவருக்கு இது நல்ல இடமாகவே இருக்கலாம். பினாங்கின் யுஎஸ்எம் கலைப் பள்ளியும் வரைகலை, புதிய ஊடகம் என்று அகலமாகப் போகிற இடம்தான், அரசாங்கப் பல்கலைக்கழகக் கட்டணத்தில். ஆனால் அனிமேட்டராகத்தான் ஆவேன் என்று வருகிறவருக்கு இரண்டு பாடம் போதாது.

ஆகவே விளம்பரத் தாளைத் தள்ளி வைத்துவிட்டு, செமஸ்டர் வாரியான பாடப் பட்டியலைக் கேளுங்கள். மொத்தப் பாடங்களில் எத்தனை நேரடியாக அனிமேஷன் என்று பென்சிலால் கோடு போட்டு எண்ணுங்கள். பாதிக்கும் குறைவென்றால் யோசிக்க வேண்டிய விஷயம். வரைதல் எத்தனை செமஸ்டர் வருகிறது, ஸ்டோரிபோர்டு தனிப் பாடமா, கடைசி வருடத்தில் சொந்தப் படம் உண்டா, தொழிற்பயிற்சி எத்தனை மாதம் என்பதையும் அதிலேயே பார்த்துவிடலாம். பட்டியலைக் கொடுக்கத் தயங்கும் கல்லூரியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

படி 3: சான்றிதழா, டிப்ளோமாவா, பட்டமா

பொதுவான விதி இது: டிப்ளோமாவுக்கு எஸ்பிஎம்மில் குறைந்தது 3 கிரெடிட், பட்டத்துக்கு முன் படிக்கும் அடிப்படைக் கல்விக்கு (ஃபவுண்டேஷன்) 5 கிரெடிட். பட்டப்படிப்புக்கு நேராகப் போக எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், அடிப்படைக் கல்வி அல்லது டிப்ளோமா இருக்க வேண்டும். 3 கிரெடிட் எந்தப் பாடமானாலும் சரி என்று இருக்கும் இடங்களில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் கணக்கில் வரும். சில கல்லூரிகள் ஆங்கிலத்துக்கோ கலைக்கல்விக்கோ தனி நிபந்தனை வைத்திருக்கும், சில இடங்களில் நேர்முகத் தேர்வும் உண்டு. எழுத்துமூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டிப்ளோமா இரண்டரை முதல் மூன்று வருடம். அடிப்படைக் கல்வியும் பட்டமும் சேர்ந்து நான்கு வருடம். இந்தத் துறையில் ஸ்டூடியோக்காரர்கள் முதலில் பார்ப்பது ஷோரீல், அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு வீடியோ. அதனால் கை வேலை சுத்தமாக இருக்கும் டிப்ளோமா மாணவருக்கு வேலை கிடைப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. பிற்காலத்தில் விரிவுரையாளராகவோ அரசாங்க வேலைக்கோ போக நினைத்தாலும், வெளிநாட்டுக்கு வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிக்க நினைத்தாலும் பட்டம் கைகொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறவருக்கு என் பரிந்துரை: முதலில் டிப்ளோமா. பிடித்திருந்தால் அதைக் காட்டிப் பட்டத்தில் சில பாடங்களுக்கு விலக்கு வாங்கலாம்.

அரசாங்க வழியை மறந்துவிடாதீர்கள். பொதுப் பல்கலைக்கழகங்களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் யுபியு என்கிற பொது விண்ணப்ப இணையத்தளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கொமுனிடி கல்லூரிகளில் குறைந்த செலவில் சான்றிதழ் படிப்புகள் கிடைக்கின்றன. யுஐடிஎம் பூமிபுத்ரா மாணவர்களுக்கானது என்பதால் அந்தப் பெயர் பட்டியலில் வந்தால் கடந்து போய்விடலாம். யுபியு முடிவு வருவதற்குள் தனியார் கல்லூரிகள் "இந்த மாதம் சேர்ந்தால் ஆயிரம் வெள்ளி கழிவு" என்று துரத்தும். அந்த ஆயிரத்துக்காக அவசரப்பட வேண்டாம், கழிவு அடுத்த மாதமும் வரும்.

படி 4: அங்கீகாரம்

இது பத்து நிமிட வேலை. எம்கியூஏ, அதாவது மலேசியத் தகுதி முகமை, அங்கீகரித்த படிப்புகளின் பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கிறது. எம்கியூஆர் என்பார்கள். கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல், நீங்கள் சேரப்போகும் படிப்பின் முழுப் பெயரையும் வளாகத்தையும் தேடுங்கள். தலைமை வளாகத்தில் இருக்கும் அங்கீகாரம் கிளை வளாகத்துக்குத் தானாக வந்துவிடாது. தற்காலிக அங்கீகாரமா முழு அங்கீகாரமா என்பதும் அதில் தெரியும். புதிய படிப்புகள் தற்காலிகத்தில்தான் தொடங்கும், அது குற்றமில்லை. ஆனால் பல வருடமாக நடக்கும் படிப்பு இன்னும் தற்காலிகத்திலேயே நின்றால் ஏன் என்று கேட்க வேண்டும்.

எஸ்கேஎம், டிகேஎம் என்று வரும் திறன் சான்றிதழ்கள் எம்கியூஏவின் கீழ் வராது. அவற்றைத் திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகே பார்த்துக்கொள்கிறது. கடன் வாங்கும் இடமும் அதற்கேற்ப மாறும்.

படி 5: மாணவர் செய்த வேலையைப் பாருங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். கல்லூரியின் விளம்பர வீடியோவில் வருவது பத்து வருடத்தில் வந்த சிறந்த மூன்று மாணவர்களின் வேலை. நீங்கள் பார்க்க வேண்டியது சென்ற வருடம் முடித்த வகுப்பின் சராசரி மாணவர் என்ன செய்தார் என்பதை. யூடியூபிலும் விமியோவிலும் கல்லூரிப் பெயரோடு 'ஷோரீல்', 'இறுதியாண்டுப் படம்' என்று ஆங்கிலத்தில் தேடினால் நிறையக் கிடைக்கும். ஆர்ட்ஸ்டேஷன் தளத்திலும் தேடுங்கள்.

பார்க்கும்போது வெளிச்சத்தையும் பளபளப்பையும் பார்த்து மயங்க வேண்டாம். கதாபாத்திரம் நடக்கும்போது பாதம் தரையில் வழுக்குகிறதா? ஒரு பொருளைத் தூக்கினால் அதன் எடை தெரிகிறதா? பேசாமல் நிற்கும்போது உயிரோடு நிற்கிறதா, பொம்மையாக நிற்கிறதா? ஐந்து மாணவர்களின் படத்தில் நான்கில் பாதம் வழுக்கினால் அதைச் சொல்லித் திருத்த அங்கே ஆள் இல்லை என்று அர்த்தம். இன்னொரு சோதனையும் உண்டு: எல்லாப் படங்களும் ஒரே முகம், ஒரே கண், ஒரே பாணியில் இருக்கின்றனவா? அப்படியென்றால் ஆசிரியர் ஒருவருடைய கை எல்லா மாணவர் மேலும் விழுந்திருக்கிறது.

அடுத்து லிங்க்ட்இன். அந்தப் படிப்பை முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்படியே விரிவுரையாளர்களின் பெயரையும் தேடுங்கள். ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்களா, படிப்பு முடித்ததும் நேராகக் கற்பிக்க வந்தவர்களா? இரண்டும் கலந்திருப்பது நல்லது. ஒருவர்கூட ஸ்டூடியோ வாசலை மிதிக்காதவர் என்றால் எனக்கு அந்த இடம் வேண்டாம்.

திறந்த நாளில் நேரில் போகும்போது கேட்க வேண்டியவை இருக்கின்றன. கணினி ஆய்வகம் வகுப்பு முடிந்ததும் பூட்டப்படுகிறதா, இரவு வரை திறந்திருக்குமா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? இறுதிப் படம் தனியாகவா, குழுவாகவா? குழு என்றால் யார் எதைச் செய்தார் என்று ஷோரீலில் காட்ட முடியுமா? தொழிற்பயிற்சிக்கு இடத்தைக் கல்லூரி பார்த்துத் தருமா, மாணவரே தேட வேண்டுமா? சென்ற வருடம் எந்த ஸ்டூடியோக்களுக்குப் போனார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஸ்டூடியோ பெயர்கள் வராமல் "எங்களுக்கு நிறையத் தொழில்துறைப் பங்காளிகள் இருக்காங்க" என்று பதில் வந்தால், சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போங்கள்.

எந்த மென்பொருள் சொல்லித் தருகிறார்கள் என்றும் கேட்கலாம், ஆனால் அதற்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். மாயா, டூன்பூம் ஹார்மனி, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், சப்ஸ்டன்ஸ் பெயின்டர், அன்ரியல் என்று பட்டியல் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கல்வி ஆலோசகர் என்று அட்டை மாட்டியிருப்பவர் பெரும்பாலும் விற்பனைப் பிரிவு ஆள். அவரிடம் கட்டணத்தைக் கேளுங்கள். படிப்பைப் பற்றி வளாகத்து உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள். ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தால் எல்லா உண்மையும் வந்துவிடும்.

மொழி விஷயமும் அங்கேயே புரிந்துவிடும். தனியார் கல்லூரிகளில் பாடம் ஆங்கிலத்தில், அஸ்வாரா, பாலிடெக்னிக் போன்ற இடங்களில் மலாயின் பங்கு அதிகம். சில ஓவியக் கல்லூரிகளில் மாணவர்களுக்குள் பேச்சு முக்கால்வாசி மாண்டரினில் ஓடும். அதனால் சேரக்கூடாது என்று சொல்லவில்லை. இங்கே குழுவாகச் செய்யும் வேலைதான் அதிகம். குழுவுக்குள் ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று கேட்கிற தைரியம் பிள்ளைக்கு வேண்டும், விரிவுரையாளரும் அதைப் பார்த்துக்கொள்பவராக இருக்க வேண்டும். முடிந்தால் ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

படி 6: காசுக் கணக்கு

தனியார் கல்லூரிகளில் டிப்ளோமாவுக்கே முப்பதாயிரம் வெள்ளிக்கு மேல் கேட்கும் இடங்கள் நிறைய. பட்டம் அதைவிடக் கூடுதல். கட்டணத் தாளில் மொத்தத்தைப் பார்க்காமல் பதிவுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், தேர்வுக் கட்டணம், முன்பணம் என்று தனித்தனியாகப் பாருங்கள். இடையில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்ற பகுதி கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

தாளில் வராத செலவு கணினி. 3டி வேலைக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் 32 ஜிபி நினைவகமும் உள்ள கணினி இருந்தால் நிம்மதி. கூடவே வரைவதற்கு ஒரு டேப்லட். டேப்லட்டுக்குத் திரை இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, திரையில்லாத சாதாரண ஒன்று தொடக்கத்துக்குப் போதும். முதல் வருடம் ஓவியமே அதிகம் என்றால் கணினியை இரண்டாம் வருடம் வாங்குவதே புத்திசாலித்தனம். மாயா போன்ற ஆட்டோடெஸ்க் மென்பொருள்கள் மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. மென்பொருளுக்கென்று கல்லூரி தனிப்பணம் கேட்டால் எதற்கு என்று விளக்கம் கேளுங்கள்.

கடனுக்கு முதல் வாசல் அரசாங்கத்தின் உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன். ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். விண்ணப்பிக்க எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும், படிப்புக்கு எம்கியூஏ அங்கீகாரமும் வேண்டும். கிடைக்கும் தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. தனியார் கட்டணம் முழுவதையும் அது அடைக்கும் என்று நம்பிச் சேர வேண்டாம். பணமும் சேர்ந்த அன்றே வராது, முதல் செமஸ்டர் செலவைக் கையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். பட்டப்படிப்பில் முதல் வகுப்பு வாங்கினால் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்க வழியுண்டு, நிபந்தனைகளை அவர்களுடைய தளத்தில் பாருங்கள். திறன் சான்றிதழ் படிப்புகளுக்குப் பிடிபிகே என்கிற வேறொரு நிதி.

நம் சமூகத்துக்கான வழிகளும் இருக்கின்றன. மஇகாவின் எம்ஐஇடி கல்விக் கடன் தருகிறது. பி40, அதாவது குறைந்த வருமானக் குடும்பத்து இந்திய மாணவர்களுக்கு, இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா வழியாக உதவிகள் அறிவிக்கப்படுவதுண்டு, அது வருடத்துக்கு வருடம் மாறும். பினாங்கு மாணவர்கள் இந்து அறப்பணி வாரியத்தின் கல்வி உதவியை விட்டுவிடக் கூடாது. தாத்தாவோ பாட்டியோ தோட்டத்தில் இருந்த காலத்தில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியிருக்கிறார்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், அங்கத்தினர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே கல்வி ஊக்குவிப்பு உண்டு. கல்லூரிகளும் தம் பங்குக்கு உபகாரச் சம்பளம் தருகின்றன. ஓவியத் தொகுப்பைப் பார்த்துக் கட்டணத்தில் கழிவு கொடுக்கும் இடங்கள் இருப்பதால், படி 8இல் வரும் போர்ட்ஃபோலியோவைக் கவனமாகச் செய்யுங்கள்.

படி 7: கோலாலம்பூரா, பினாங்கா

வேலை கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் குவிந்திருக்கிறது. ஷா ஆலாம், சைபர்ஜெயா, பூச்சோங், பெட்டாலிங் ஜெயா. அரசாங்கத்தின் டிஜிட்டல் பொருளாதார நிறுவனமான எம்டெக் நடத்தும் துறை நிகழ்ச்சிகளும் இந்தப் பக்கம்தான் பெரும்பாலும் நடக்கும். பினாங்குப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே டிப்ளோமா முடித்துவிட்டு, தொழிற்பயிற்சிக்கோ பட்டத்துக்கோ கோலாலம்பூர் வருவது செலவைப் பார்த்தால் நல்ல ஏற்பாடு. பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், தீபாவளிக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடலாம், டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால்.

கோலாலம்பூருக்கு வருகிறவர்கள் வாடகையோடு பயணத்தையும் பாருங்கள். சைபர்ஜெயாவுக்கு 2023 முதல் எம்ஆர்டி ஓடுகிறது, ஆனால் நிலையத்திலிருந்து வளாகத்துக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். சன்வேக்குப் பிஆர்டி பேருந்து உண்டு. ரெண்டர் முடியக் காத்திருந்து நள்ளிரவில் வெளியே வருகிற நாட்கள் இந்தப் படிப்பில் சகஜம். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வளாகத்துக்குள்ளேயே விடுதி இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களும்தான்.

படி 8: போர்ட்ஃபோலியோ

கேட்காத கல்லூரிக்கும் எடுத்துக்கொண்டு போங்கள். பத்துப் பன்னிரண்டு வேலைகள் போதும். அனிமே முகங்களைப் பார்த்து வரைந்தவை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். நேர்முகத்தில் உட்கார்ந்திருப்பவர் அதை நூறு பேரிடம் பார்த்தவர். நேரில் பார்த்து வரைந்ததுதான் அவருடைய கண்ணை நிறுத்தும். மாமாக் கடையில் ரொட்டி வீசுகிறவரின் கை, தைப்பூசத்தில் காவடி தூக்கியவரின் தோள், கொம்தார் பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள், பாட்டி காய் நறுக்கும்போது குனிந்திருக்கும் முதுகு. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடக் கோட்டோவியமாக இருந்தால் போதும், முடிக்காமல் விட்டாலும் பரவாயில்லை. கூடவே ஆறு கட்டங்களில் வசனமில்லாத ஒரு சின்னக் கதை, முதல் படியில் சொன்ன பந்தும் நடையும் அடங்கிய அரை நிமிட வீடியோ. பென்சில் ஓவியங்களைப் பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் படம் எடுத்து ஒரே பிடிஎஃப் கோப்பாக்குங்கள். வீடியோவின் இணைப்பை அதன் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் படிப்பின் பெயரும் இருக்கட்டும். ஸ்கெட்ச் புத்தகத்தையும் கையோடு கொண்டு போங்கள், பக்கம் கசங்கியிருந்தாலும் பரவாயில்லை, பலர் அதைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் புரட்டுவார்கள்.